வாக்குரிமையின் காவல்: நாவலப்பிட்டி காட்டும் வரலாறு

குடியாட்சி என்பது மக்கள் தம்மைத் தாமே ஆளும் முறை என்பர். எனினும், மக்கள் அனைவரும் ஓரிடத்தே கூடி ஆளுதல் இயலாதாகலின், தமக்காக ஆளுவோரைத் தெரிந்தெடுக்கும் உரிமையே நடைமுறையில் அவர்தம் ஆட்சியாக அமைகின்றது. அவ்வுரிமை கெடுமாயின் குடியாட்சியின் பெயர் மாத்திரமே எஞ்சும். அது கெடும் வழிகள் மூன்று. சட்டத்தின் பெயரால் வாக்குரிமை பறிக்கப்படலாம்; பணத்தினால் விலைகொள்ளப்படலாம்; வன்முறையினால் கவரப்படலாம். இம்மூன்றின் சுவடுகளையும் ஒருங்கே காணத்தக்க நிலப்பகுதி கண்டியும் அதனைச் சூழ்ந்த மலைநாடுமாகும். அம்மலைநாட்டு ஊர்களுள் நாவலப்பிட்டியின் வரலாறு சிறப்பாக ஆராயத்தக்கது.

பொதுப்பணியிற் புகுவோரின் தூய்மையைப் பற்றிய கவலை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, 919ஆம், 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டன. எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றோர் என விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தோரும் விலக்கப்பட்டனர். அச்சபை நிலமுடைய அந்தணரின் சபையேயன்றி ஊர்மக்கள் அனைவரின் சபையன்று. ஆதலின் அதனை இக்காலக் குடியாட்சியோடு ஒன்றாக வைத்தெண்ணுதல் பொருந்தாது. ஆயினும், பொதுப்பொருளைக் கையாண்டவன் கணக்குக் காட்டும் வரையில் மீண்டும் பதவியை நாடலாகாது என்ற விதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதப்பட்டமை கருதத்தக்கது.

நாவலப்பிட்டி மகாவலி கங்கையின் கரையிலே, பஸ்பாகே கோறளையில் அமைந்த நகர். 1874ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை அங்கு வந்து சேர்ந்தது. அதன்பின் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அது வாயிலாகவும் சந்தையாகவும் வளர்ந்தது. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரான அத்தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழகத்தினின்று வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். சிங்களக் கிராமங்களும், தமிழ்த் தோட்டங்களும், முஸ்லிம் வணிகரும் அயலவராய் வாழும் ஊராதலின், அங்கு ஒரு வாக்குச் சீட்டின் பெறுமதியை எல்லாச் சமூகத்தாரும் நன்கறிவர்.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி இலங்கையிலே சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் அவ்வுரிமையை முதன்முதற் பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் தெரிவாயினர். அவர்களுள் நாவலப்பிட்டித் தொகுதியில் வெற்றிபெற்றவர் கே. இராஜலிங்கம். தோட்டத் தொழிலாளர் தம் வாக்கினாற் பாராளுமன்றத்தில் இடம்பெற்ற இந்நிலை நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவ்வெழுவரின் கட்சி ஓரிடத்தையேனும் பெறவில்லை. இழந்த உரிமை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தாலும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலுமே நிறைவாக மீண்டது. நாற்பதாண்டு காத்திருந்து பெற்ற வாக்குரிமையை ஒருவன் வாக்களிப்பு நிலைய வாயிலிலே நின்று தட்டிப் பறிப்பானாயின், அக்குற்றம் ஏனைய இடங்களிலும் பார்க்க அங்குப் பெரிதாகத் தோன்றுதல் இயல்பே.

இனி, பணத்தால் விளைந்த கேட்டை நோக்குவோம். சுதந்திரத்துக்கு முன்னரே, 1943ஆம் ஆண்டில், அரசாங்க சபை உறுப்பினர் சிலர் கையூட்டுப் பெற்றனர் என்பதை எல்.எம்.டி. டி சில்வா தலைமையில் நடைபெற்ற விசாரணை வெளிப்படுத்தியது. 1954ஆம் ஆண்டிலே இலஞ்சச் சட்டம் இயற்றப்பட்டது. 1959ஆம் ஆண்டில் மகாதேசாதிபதி நியமித்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு 1960ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்து, பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சிலரைக் குற்றவாளிகளெனக் கண்டது. எனினும், ஆணைக்குழுவிற்குத் தண்டிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஐந்தாண்டுகள் கழிந்த பின்னர், 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தாலேயே அவர்தம் குடியியலுரிமைகள் ஏழாண்டுகளுக்கு விலக்கப்பட்டன. கல்முனை உறுப்பினராயிருந்த எம்.எஸ். காரியப்பர் அச்சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்று, 1967ஆம் ஆண்டில் அவருக்கு மாறாகத் தீர்க்கப்பட்டது.

அக்காலத்து ஊழலின் இயல்பு ஒன்று குறிக்கத்தக்கது. அது பெரும்பாலும் தனிமனிதரின் பேராசையாய் இருந்தது. ஓர் உறுப்பினர் ஒரு காரியத்தைச் செய்விப்பதற்குப் பணம் வாங்கினார். கொடுத்தவனும் வாங்கியவனும் அறிய அது முடிந்தது. ஆயுதந்தாங்கிய கூட்டத்தின் துணை அதற்கு வேண்டியிருக்கவில்லை. பின்வந்த காலத்திலோ அரசியல்வாதியும் குற்றக் கும்பலும் ஒருவரையொருவர் வேண்டி நிற்கும் நிலை தோன்றிற்று. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது, தேர்தல் முறையில் ஏற்பட்ட மாற்றம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் அம்முறையில், விருப்பு வாக்குகளுடன் நடைபெற்றது. முன்னர் நாவலப்பிட்டி வேட்பாளன் தன் தொகுதியிலே மாத்திரம் வாக்குக் கேட்டான். இப்பொழுதோ கண்டி மாவட்டம் முழுவதும் அவனுக்குக் களமாயிற்று. மேலும், எதிர்க்கட்சியாரோடு போரிடுதலுடன் தன் கட்சியினரோடும் விருப்பு வாக்குக்காகப் போரிட வேண்டியதாயிற்று. சிறுபான்மையினரின் வாக்கு வீணாகாமற் காத்தமை இம்முறையின் நன்மை, அதனை மறுத்தலாகாது. ஆயினும், களம் விரியச் செலவும் விரிந்தது. போட்டி வீட்டுக்குள்ளேயே புகப் பகையும் வளர்ந்தது.

இரண்டாவது, செலவுக்கு எல்லையின்மை. 1946ஆம் ஆண்டுத் தேர்தற் கட்டளை வேட்பாளரின் செலவுக்கு வரம்பு விதித்திருந்தது. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தற் சட்டத்தில் அவ்வரம்பு இடம்பெறவில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம் வரும் வரையில், நாற்பதாண்டுகளுக்கு மேலாக, ஒருவன் எவ்வளவு செலவிட்டான், அப்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடப்பாடு எவர்க்கும் இருக்கவில்லை. கணக்கில்லாப் பணம் வேண்டுவோனுக்கும், கணக்குக் காட்டவியலாப் பணம் வைத்திருப்போனுக்கும் நட்பு உண்டாதல் வியப்பன்று.

அந்நட்பின் பண்டமாற்று எத்தகையது? கும்பல் கொடுப்பது பணமும் ஆட்பலமும். அரசியல்வாதி கொடுப்பது பாதுகாப்பு. அதாவது, பொலிசாரும் நீதிமன்றமும் தன் ஆளைத் தீண்டாவண்ணம் காத்தல். 1980களின் தொடக்கத்திலே, பாலியல் வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற கோணவல சுனில் என்பான் சனாதிபதியின் பொதுமன்னிப்பைப் பெற்று, பின்னர்ச் சமாதான நீதவானாகவும் நியமிக்கப்பட்டமை இதற்கு வெளிப்படையான சான்று. 2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி, உள்ளூராட்சித் தேர்தல் நாளன்று, கொழும்பை அடுத்த முல்லேரியாவிலே ஆளுங்கட்சிப் பிரமுகர் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வழக்கில் அதே கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த துமிந்த சில்வாவுக்கு 2016ஆம் ஆண்டில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் சனாதிபதி அவருக்கு மன்னிப்பளித்தார். அம்மன்னிப்புச் செல்லாதென 2024ஆம் ஆண்டு சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தண்டனையும் மன்னிப்பும் மன்னிப்பின் நீக்கமுமாக ஒரே வழக்கு பன்னிரண்டாண்டுகளுக்கு மேலான காலத்தை விழுங்கியது.

இந்நோய் இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நியூயோர்க் நகரை ஆட்டிப்படைத்த தமனி மண்டபம் என்னும் அரசியற் கூட்டம், ஒரே ஆளைப் பல சாவடிகளிற் பலமுறை வாக்களிக்கச் செய்து, தெருச் சண்டியரைக் காவலாக நிறுத்தித் தேர்தல்களை வென்றது. அதன் தலைவன் வில்லியம் ட்வீட் நகரப் பணத்தைக் கொள்ளையிட்டமைக்காக 1873ஆம் ஆண்டிலே குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 1878ஆம் ஆண்டிற் சிறையிலே இறந்தான். இங்கிலாந்தோ வேறொரு வழியைக் கைக்கொண்டது. 1872ஆம் ஆண்டில் இரகசிய வாக்கெடுப்பையும், 1883ஆம் ஆண்டில் தேர்தற் செலவுக்குக் கடுமையான வரம்பையும் சட்டமாக்கியது. வாக்கை விலைக்கு வாங்கினும் வாங்கியவன் அதனை உறுதிப்படுத்திக்கொள்ள இயலாதவாறு முதற் சட்டம் செய்தது. வாங்குதற்குரிய பணத்தைச் செலவிடாதவாறு இரண்டாஞ் சட்டம் தடுத்தது. குற்றவாளியைத் தேடிப் பிடிப்பதிலும், குற்றத்தாற் பயனில்லாதவாறு செய்தலே சிறந்ததென்பது அவ்விரு சட்டங்களின் உட்கிடை.

இலங்கையிலே வாக்களிப்பு நிலையங்கள் வன்முறைக்கு உட்பட்ட வரலாறு துயரமானது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல், நூலகம் எரிந்த சில நாட்களுக்குள், குழப்பத்தினூடே நடைபெற்றது. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதிச் சர்வசன வாக்கெடுப்பில் நிகழ்ந்த முறைகேடுகள் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையிலேயே இடம்பெற்றன. 1999ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி வடமேல் மாகாண சபைத் தேர்தல் பலரறியக் கவரப்பட்டது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி, பொதுத்தேர்தல் நாளன்று, கண்டிக்கு அண்மையிலுள்ள உடத்தலவின்னையிற் பத்து முஸ்லிம் இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாட் பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்தையும் அவர் புதல்வர் இருவரும் 2006ஆம் ஆண்டில் விடுதலை செய்யப்பட்டனர். வேறு சிலர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர்.

இவ்விருளினூடே ஓர் ஒளியும் தோன்றிற்று. அதனை ஏற்றியோர் சாதாரண வாக்காளர். மாகாண சபைத் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டமையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கருணாதிலக வழக்கிலே, வாக்களித்தலும் பேச்சுச் சுதந்திரத்தின் ஒரு வடிவமே என்று 1999ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கூறியது. அதன்படி ஒருவனின் வாக்கைத் தடுத்தல் அவன் வாயை அடைத்தலுக்கு ஒப்பாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி மத்திய மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. கண்டி மாவட்டத்தின் சில நிலையங்களில் வாக்களிப்பு முறையாக நடைபெறவில்லை. அங்கெல்லாம் வாக்களிப்பை வெறிதாக்கி மீண்டும் நடத்தும் அதிகாரத்தைச் சட்டம் தேர்தல் ஆணையாளருக்கு அளித்திருந்தும், அது பயன்படுத்தப்படவில்லை. கண்டி மாவட்ட வாக்காளர் சிலர் நீதிமன்றத்தை நாடினர். மெதிவக்க வழக்கு எனப்படும் அவ்வழக்கிலே, மறுவாக்களிப்பு நடத்தத் தவறியமை வாக்காளரின் அடிப்படை உரிமைகளை மீறியதாகும் என நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பு வழங்கினார். ஏட்டில் உறங்கிய சட்டம் இவ்வாறு விழிப்புற்றது.

ஒன்பதாண்டுகளின் பின்னர் அச்சட்டத்திற்கு நாவலப்பிட்டியிலே சோதனை நேர்ந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. நாவலப்பிட்டிப் பகுதியிலே வாக்காளர் அச்சுறுத்தப்பட்டனர் என்றும், போட்டியிட்ட ஏனையோரின் முகவர்கள் நிலையங்களினின்று துரத்தப்பட்டனர் என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. அப்போதும் தேர்தல் ஆணையாளராய் இருந்தவர், முந்தைய வழக்கிற் பிரதிவாதியாய் நின்ற தயானந்த திசாநாயக்கவேயாவார். இம்முறை அவர் தயங்கவில்லை. நாவலப்பிட்டியின் 37 வாக்களிப்பு நிலையங்களிலும், திருகோணமலை மாவட்டத்துக் கும்புறுப்பிட்டியின் ஒரு நிலையத்திலும் நடைபெற்ற வாக்களிப்பை வெறிதாக்கினார். கண்டி, திருகோணமலை மாவட்டங்களின் இறுதி முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏப்பிரல் 20ஆந் திகதி, புதிய பாராளுமன்றம் கூடுதற்கு இருநாள் முன்னர், மறுவாக்களிப்பு நடைபெற்றது.

மறுவாக்களிப்பினால் நாட்டின் அரசியற் பலம் மாறவில்லை. ஆளுங்கட்சிக் கூட்டணி கண்டி மாவட்டத்தின் பன்னிரண்டு இடங்களுள் எட்டையும், நாடளாவ 144 இடங்களையும் பெற்றது. ஆதலின், அதனாற் பயன் யாது என வினவுவார் உளர். வினா நியாயமானதே. விடை, முன்னர்க் கூறிய பண்டமாற்றிலே கிடைக்கின்றது. வன்முறையாளன் தன் தலைவனுக்குக் கொடுப்பது கவர்ந்த வாக்கு. அவ்வாக்கு எண்ணப்படாது போகுமாயின் அவனிடம் விற்பதற்குச் சரக்கில்லை. அவனைக் கைதுசெய்து, சாட்சிகளைக் காத்து, வழக்கை நடத்தி, தண்டனை பெற்றுக் கொடுத்தற்குப் பல்லாண்டுகள் செல்லும். இடையிலே மன்னிப்பும் வரலாம். அவன் கவர்ந்ததை வெறிதாக்குதற்கோ பன்னிரண்டு நாட்களே சென்றன. அப்பன்னிரண்டு நாட்களில் நிகழ்ந்தது, தல்கொடபிட்டிய ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின் ஐந்தாண்டுகளில் நிகழ்ந்ததிலும் விரைவானது; ஒருவகையிற் பயனுடையதும் ஆகும்.

எனினும், ஒரு மனிதரின் துணிவை நம்பியே நாடு இருத்தலாகாது. 2001ஆம் ஆண்டின் 17ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழுவை விதித்திருந்தும், அக்குழு அமைக்கப்படவேயில்லை. அதனால், ஓய்வுபெற விரும்பிய தயானந்த திசாநாயக்க பதவியில் நீடிக்க நேர்ந்தது. நாவலப்பிட்டி மறுவாக்களிப்புடன் தெரிவான அதே பாராளுமன்றம், 2010ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆந் திகதி 18ஆம் திருத்தத்தை நிறைவேற்றி, சுயாதீன நியமனங்களுக்கான ஏற்பாட்டைத் தளர்த்தியது. 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தத்தின் பின்னரே தேர்தல் ஆணைக்குழு உண்மையில் அமைந்தது. காவலனை நியமிக்கும் அதிகாரம் காவலுக்குட்பட்டவன் கையிலே இருத்தலின் தீமை இவ்வரலாற்றாற் புலனாகும்.

வன்முறையை வாயிலில் தடுத்தாலும், பணம் பின்வழியாகப் புகும் என்பதற்கும் கண்டி மாவட்டத்திலேயே சான்றுண்டு. அம்மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினராயும் விளையாட்டுத்துறை அமைச்சராயும் இருந்த மகிந்தானந்த அளுத்கமகேக்கு, 2025ஆம் ஆண்டு மே மாதத்திலே, கொழும்பு விசேட மேல் நீதிமன்றம் இருபதாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. 2015ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின் முன்னர் 14,000 கெரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் அரச பணத்தில் வாங்கி விநியோகிக்கப்பட்டமையால், அரசாங்கத்திற்கு ஐந்து கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் விளைந்தது என்பதே குற்றச்சாட்டு. சதொச நிறுவனத்தின் தலைவராயிருந்த நளின் பெர்னாண்டோவுக்கு இருபத்தைந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பலகைகள் கொடுக்கப்பட்டதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்தன. வாக்காளனுக்கு வழங்கிய விளையாட்டுப் பொருளுக்கு விலைகொடுத்தவனும் அவ்வாக்காளனே என்பது இங்கு உணரத்தக்கது. பொதுப்பணம் என்பது அவன் செலுத்திய வரியன்றோ?

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை. அரசியல் ஊழலும் குற்றக் கும்பலும் மக்களின் ஒழுக்கக்கேட்டால் மாத்திரம் வளர்வனவல்ல. தேர்தலில் வெல்வதற்கு வேண்டிய அளவிறந்த பணத்தாலும், வென்றவன் வழங்கவல்ல பாதுகாப்பாலும் வளர்வன. ஆதலின், செலவுக்கு வரம்பும், மன்னிக்கும் அதிகாரத்துக்கு நீதிமன்றத்தின் மேற்பார்வையும், தேர்தலை நடத்துவோர்க்குச் சுதந்திரமும் வேண்டும். சட்டங்கள் இவற்றை ஓரளவு இன்று வகுத்துள்ளன. 2023ஆம் ஆண்டின் செலவுச் சட்டமும், அவ்வாண்டின் 9ஆம் இலக்க ஊழலெதிர்ப்புச் சட்டமும் அவ்வகையின. ஆனால், 1999ஆம் ஆண்டிலும் சட்டம் இருந்தது. அதனை எழுப்பியவர் கண்டி மாவட்டத்து வாக்காளர் சிலரே என்பது மறக்கலாகாது.

தோட்டத் தொழிலாளியும் கிராமத்து உழவனும் நகர வணிகனும் 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆந் திகதி நாவலப்பிட்டியிலே ஒரே உரிமையை இரண்டாம் முறை செலுத்தும் வாய்ப்பைப் பெற்றனர். அவர்களுள் ஒருசாராரின் பாட்டன்மாருக்கு 1952ஆம் ஆண்டில் அவ்வுரிமை ஒருமுறையேனும் இருக்கவில்லை. சட்டத்தால் இழந்ததைச் சட்டத்தால் மீட்டு, வன்முறையால் இழந்ததையும் சட்டத்தால் மீட்ட ஊர் அது. பணத்தால் இழக்காதிருத்தல் வாக்காளன் கையிலேயே உளது. ஊர்ப் பொருளுக்குக் கணக்குக் கேட்ட உத்தரமேரூர்ச் சபையாரின் நினைவு, வாக்குக் கேட்டு வருவோனிடம் முதற்கண் கணக்குக் கேட்கும் துணிவை அவனுக்கு அளித்தல் வேண்டும்.